ஜன்னலில் விழாத அக்கா

“இந்த ஜன்னல் பொய் சொல்லுது தாயி” என்றார் ஆவுடையப்பன்.

சொல்லிவிட்டு, கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். பதவிசாக வைக்கவில்லை. சொத்தைக் கத்தரிக்காயைக் கூடையிலேயே திருப்பிப் போடுகிற மாதிரி வைத்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நிமிரவில்லை. லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, டப்பாவில் போட்டு மூடின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எந்த ஜன்னல் அண்ணாச்சி?”

“கண்ணை வச்சுப் பாப்போம்லா, அது. வியூஃபைண்டர். அதுல ஒண்ணு தெரியுது. படத்துல வேற ஒண்ணு வருது.”

“வேற ஒண்ணா? கூட ஒண்ணா?”

ஆவுடையப்பன் யோசித்தார்.

“கூடத்தான்.”

இது ஒரு குரு சீடர் கதை. குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ஜெபக்கனி. திருநெல்வேலி ஜங்ஷனில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் கேமரா விற்றாள். சீடருக்குத்தான் அறுபது. செல்போனில் படம் எடுக்கிற வழக்கம் வராத காலம் அது.

ஜெபக்கனியிடம் ஒரு கேமரா வாங்கிவிட்டு வருவது லேசுப்பட்ட காரியமில்லை. பணத்தை நீட்டினாலும் வாங்கமாட்டாள். “முதல்ல பாருங்க” என்பாள். பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை கேள்வி கிடையாது என்று ஊரே சலித்துக்கொள்ளும். சலித்துக்கொண்டு மறுபடியும் அங்கேதான் போகும்.

ஆவுடையப்பனும் லேசுப்பட்டவர் இல்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வரைபடம் போட்டவர். கோடு என்றால் கோடுதான். மயிரிழை விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு தம்மாத்துண்டு ஜன்னல் ஏமாற்றியிருக்கிறது. கோபம் வராதா?

“எனக்கு ஓரம் சரியாக் காட்டுற கேமரா வேணும் தாயி. ஜன்னல்ல என்ன தெரியுதோ அதுதான் படத்துல வரணும். ஒரு நூல்கூடக் கூட வரப்படாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

“வெள்ளிக்கிழமை என்ன?”

“மகளுக்கு வளைகாப்பு.”

ஜெபக்கனி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அவரும் பின்னால் போனார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. வாசல் நெடுக, கயிற்றில் பித்தளைக் குடங்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“உங்க கேமராவுலயே பாருங்க. எத்தனை குடம் தெரியுது?”

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க. விசேஷ வீட்டுல கழட்டிட்டா நிப்பீங்க? போட்டுக்கிட்டே பாருங்க.”

போட்டுக்கொண்டே பார்த்தார்.

“ஏழு.”

“அமுக்குங்க.”

அமுக்கினார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. உள்ளே வந்து, கையால் மறைத்துக்கொண்டு எண்ணினார்.

ஒன்பது.

“பாத்தியா தாயி? நான் சொன்னேம்லா.”

அவள் வேறொரு கேமராவை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஜன்னலின் கீழ் மூலையில் லென்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அந்த மூக்குக்குப் பின்னால் ஒரு குடம் ஒளிந்துகொண்டது. தெரிந்தது ஆறு. வந்தது எட்டு.

“எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை” என்றார் ஆவுடையப்பன்.

“இவ்வளவு சின்னக் கேமராவுல ஜன்னல் ஒரு பக்கம் இருக்கும். லென்ஸ் ஒரு பக்கம் இருக்கும். ஜன்னல் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். கை நடுங்குறவங்களுக்குத் தலை வெட்டுப்படக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான்.”

“நான் கை நடுங்குறவன் இல்ல.”

“தெரியுது.”

மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். அதன் ஜன்னலுக்குள் குட்டியாக ஒரு டி.வி. மாதிரி இருந்தது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே இதுவும் காட்டும் என்றாள். ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை அவரே திருப்பிப் பார்த்தார். மங்கலாக இருந்த குடங்கள் துலங்கி வந்தன.

“ஒன்பது.”

அமுக்கினார்.

ஒன்பது.

மறுபடி அமுக்கினார். கேமராவை இடது பக்கம் திருப்பி, கடைசிக் குடத்தைச் சரிபாதியாக வெட்டி வைத்து அமுக்கினார். படத்திலும் சரிபாதி. மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“இதைக் குடு தாயி. எவ்வளவுன்னு சொல்லு.”

ஜெபக்கனி கேமராவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பதினோரு வருசமா இந்தக் கடையில இருக்கேன் அண்ணாச்சி. ஆள் விட்டுப்போச்சு, தலை விட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க. ரெண்டு கூட வந்துட்டுன்னு கோவிச்சுக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

“அதுக்கென்ன?”

“அந்த ரெண்டு குடம் யாரு?”

ஆவுடையப்பன் படி இறங்கிப் போனார். கீழே நின்று ஒரு டீ குடித்தார். டீ குடித்த கையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மேலே ஏறி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ரெண்டு இல்ல. ஒண்ணுதான்” என்றார். “எங்கக்கா.”

ஜெபக்கனி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“பிரம்மசக்தின்னு பேரு. அவளுக்கு முப்பத்தோரு வயசுல அத்தான் தவறிட்டாவ. அதுல இருந்து எங்க வீட்டுலதான் இருக்கா. ஒரு நல்லது கெட்டதுன்னா படம் எடுக்கிற நேரத்துக்கு அடுக்களைக்குள்ள போயிருவா. யாரும் போன்னு சொல்லணும்னு கிடையாது. அவளே போயிருவா.”

“ம்.”

“மகளுக்குக் கல்யாணமாகி, மறுவீட்டுக்கு எல்லாரும் வந்திருந்தாவ. நான்தான் படம் எடுத்தேன். எல்லாரும் வந்து நில்லுங்கன்னு சொன்னேன். அன்னைக்குப் பாத்து அக்காவும் வந்து நின்னுட்டா. ஓரத்துல, கடைசி ஆளா. சம்பந்தியம்மா அவளையே பாத்துக்கிட்டு நிக்காவ. எனக்கு ஒண்ணும் ஓடல. அக்காவைப் போன்னும் சொல்ல முடியல. நில்லுன்னும் சொல்ல முடியல.”

“என்ன செஞ்சீய?”

“கேமராவை லேசாத் திருப்பினேன். அக்கா ஜன்னலை விட்டு வெளிய போற வரைக்கும் திருப்பினேன். அப்புறம் அமுக்கினேன்.”

கீழே செருப்புக் கடைக்காரர் யாரிடமோ ஏழாம் நம்பர் இல்லை, எட்டுப் போட்டால் பஞ்சு வைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“பேட்டரி போயிரும்னு பின்னால உள்ள திரையை அணைச்சு வச்சிருந்தேன். பாக்காமலே ஸ்டூடியோவுல குடுத்துப் பிரிண்ட் போட்டு, சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்கு ஒண்ணு. பாத்தா, அக்கா நிக்கா. முழுசா நிக்கா. கேமராவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கா.”

“அக்கா பாத்தாவளா?”

“பாத்தாவளாவா? தெருவுல ஒரு வீடு விடல. எல்லாருக்கும் கொண்டு காட்டிட்டா. எல்லாரும் என்னைய விட்டுட்டு எடுப்பாவ, எந்தம்பி ஒருத்தன்தான் என்னையும் சேத்து எடுத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா.”

ஆவுடையப்பன் செருமிக்கொண்டார்.

“சம்பந்தியம்மா போன் போட்டாவ. ‘வளைகாப்புப் படத்துலயாவது பாத்து எடுங்க, வயித்துப்பிள்ளைக்காரி’ன்னாவ. அவிய மகன் வீட்டுலதான எம்மக வாழணும். அவியளையும் பகைக்க முடியாது, அக்கா மனசையும் நோவடிக்க முடியாது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அதான் சொல்லுதேன். ஜன்னல் சரியா இருந்தா, யாருக்கும் நோகாம நான் பாத்துக்கிடுவேன்.”

“அக்காவுக்குத் தெரியாம.”

“ஆமா. படம் சரியா விழலன்னு சொல்லிக்கிடலாம்.”

இதைச் சொல்லும்போது அவர் ஜெபக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அறுபது வயதில், மகள் வயதுக்காரி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து இப்படி ஒரு யோசனையை வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்ததே என்று இருந்தது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

“நாளைக்கு வாங்க” என்றாள்.

“இன்னைக்கே குடுத்துட்டா என்ன?”

“குடத்தை வச்சுப் பாத்தா போதாது. குடம் நின்ன இடத்துல நிக்கும். ஆள் நிக்காது. ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. வச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிடுங்க.”

மறுநாள் காலையில் வீட்டில் ஆவுடையப்பன் ஆள் தேடினார். பெண்டாட்டி அரிசி ஊறப்போட்டு, முறுக்குக்கு இடிக்கப் போய்விட்டாள். மகளை அலையவிடக் கூடாது. மாப்பிள்ளை வியாழக்கிழமைதான் வருகிறார்.

“நான் வாரேன்” என்றாள் பிரம்மசக்தி. “எனக்கும் ஜங்ஷன்ல வளையல் பாக்கணும்.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தைத் தவிர.

வளையல் வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். பிரம்மசக்திக்கு முழங்கால் வலி. படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். வெள்ளைப் புடவை கட்டின காலம் போய், முப்பது வருஷத்தில் சாம்பல் நிறம் வரைக்கும் வந்திருந்தாள். வெறும் நெற்றி. வெறும் கை.

“இவியதான் எங்கக்கா” என்றார் ஆவுடையப்பன்.

ஜெபக்கனி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அப்புறம் பிரம்மசக்தியிடம் திரும்பி, “வாங்கக்கா. அந்தச் சுவரு பக்கத்துல நில்லுங்க” என்றாள். “படம் எடுத்துப் பாக்கணும்.”

“என்னையவா?”

“உங்களைத்தான்.”

பிரம்மசக்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வராந்தாவில் வெள்ளைச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். தலையை ஒருதரம் தடவிக்கொண்டாள்.

ஜெபக்கனி அந்த மூன்றாவது கேமராவை ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அவிய விழாம எடுங்க.”

“இப்பவா?”

“அதுக்குத்தான வாங்குதீய. வாங்குறதுக்கு முன்னாலதான் பாக்கணும்.”

ஆவுடையப்பன் ஜன்னலில் கண்ணை வைத்தார்.

அக்கா தெரிந்தாள். பழைய ஜன்னலில் விரல்கடைப் பொம்மை மாதிரித் தெரிந்தவள், இதில் துல்லியமாகத் தெரிந்தாள். சிரித்தபடி நின்றாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்தப் பல் எப்போது போனது? ஒரே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை.

கேமராவை இடது பக்கம் திருப்பினார்.

அக்காவின் தோள் போனது. காது போனது. பாதிச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

“தம்பி, கேமரா அந்தப் பக்கமாப் போகுதே. நான் தள்ளி வரட்டுமா?”

கேட்டுக்கொண்டே தள்ளி வந்தாள். மறுபடி முழுசாக ஜன்னலுக்குள் நின்றாள்.

அவர் இன்னும் திருப்பினார். அவள் இன்னும் ஓர் அடி வந்தாள்.

“இப்பத் தெரியுதேனாய்யா?”

“தெரியுதக்கா.”

“நீ எங்க நிக்கச் சொல்லுதியோ அங்க நிக்கேன். உனக்குத்தான அளவு தெரியும்.”

ஆவுடையப்பனுக்குக் கை நடுங்கியது. முப்பத்து மூன்று வருஷம் கோடு போட்ட கை.

“அங்கேயே நில்லுக்கா” என்றார். “நகராத.”

அவள் நகரவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மெதுவாகத் திருப்பினார். தோள், காது, சிரிப்பு, கடைசியாகச் சாம்பல் புடவையின் ஓரம். எல்லாம் போனது. வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது.

அமுக்கினார்.

ஜெபக்கனி வாங்கிப் பார்த்தாள். வெறும் சுவர். ஒரு நூல்கூடக் கூட வரவில்லை.

“சரியா இருக்கா அண்ணாச்சி?”

“சரியா இருக்கு.”

“ஓரம்?”

“ஓரமும் சரியா இருக்கு.”

“காட்டு பாப்போம்” என்று பிரம்மசக்தி வந்தாள். அவர் தடுப்பதற்குள் ஜெபக்கனி கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டாள். அவள் அதைக் கைநீட்டம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டக் கொண்டுவந்தும் பார்த்தாள்.

“என்னையக் காணோமே.”

கேமராவைத் திருப்பி லென்ஸ் பக்கமும் பார்த்தாள்.

“நான்தான் ஓரமா நின்னுட்டேன் போலுக்கு” என்றாள். “நகராதன்னு சொன்ன. நகந்துட்டேனோ என்னவோ. பழக்கம் இல்லல்லா. நீ ஒண்ணும் நினைச்சுக்கிடாத.”

கேமராவைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

“நல்லா இருக்கா கண்ணு?” என்று ஜெபக்கனியிடம் காட்டினாள். “எம்மருமகளுக்கு. வளைகாப்புல அத்தைதான் மொத வளையல் போடுறது எங்களுக்கு முறை.”

“அப்ப நீங்கதான் போடுவீய.”

“நான் எப்படிப் போட?” பிரம்மசக்தி சிரித்தாள். வருத்தமாகச் சிரித்ததாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் துணி காயாது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். “இந்தக் கையி பட்டா பிள்ளைக்கு ஆகாதும்பாவ. வேற யாரையாவது போடச் சொல்லணும். வாங்கிக் குடுக்கலாம், அதுல தப்பில்ல. படத்துலதான் இருக்கேம்லா. எந்தம்பி எடுப்பான். எனக்கு அது போதும்.”

ஆவுடையப்பன் வராந்தாவுக்குப் போனார். எதிர்க் கடைக் குடங்களைப் பார்த்தபடி நின்றார். எண்ணவில்லை.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. ஜெபக்கனியை ஒரு பக்கமாக அழைத்தார்.

“இது வேண்டாம் தாயி.”

“ஏன்? நீங்க கேட்ட மாதிரியே இருக்கே.”

“அதனாலதான் வேண்டாம். என் பழைய கேமராவே போதும். அதுல எப்படித் திருப்பினாலும் அக்கா தானா வந்துருவா. சம்பந்தியம்மா கேட்டா, கேமரா கோளாறுன்னு சொல்லிருதேன். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல.”

சொல்லி முடித்ததும் அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நல்ல முடிவுதான் எடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

ஜெபக்கனி பழைய கேமராவை எடுத்து வந்தாள். ஜன்னலை ஊதினாள். துணியால் ஒரு துடை துடைத்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

“தானா வந்தா, எடுத்தது யாரு?” என்று கேட்டாள்.

உட்கார்ந்து, அடுத்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்தப் பக்கம் பிரம்மசக்தி வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணி, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, காகிதத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூடக் கைக்குள் நுழைத்துப் பார்க்கவில்லை. விரல்நுனியில் பிடித்துப் பிடித்து வைத்தாள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேமரா கையில்தான் இருந்தது.

“அக்கா.”

“என்னய்யா?”

“வெள்ளிக்கிழமை மொத வளையல் நீதான் போடுத.”

“கிறுக்கா உனக்கு?” என்றாள் பிரம்மசக்தி. அடுக்கின கை நின்றுவிட்டது. “ஆளும் பேருமா நிப்பாவ. சம்பந்தியம்மா பாத்துக்கிட்டு இருப்பாவ.”

“பாக்கட்டும்” என்றார் ஆவுடையப்பன்.